சித்தி அறுத்த முட்டை

சேலத்திலிருந்து என் தங்கை செம்மேட்டுக்கு வந்திருந்தாள். என் மகள் நாளெல்லாம் அவள் பின்னாலேயே சுற்றினாள். அவித்த முட்டையை ஓட்டோடு குறுக்கே அறுத்து, ஓடுதான் நாம் நிற்கிற நிலம், வெள்ளை அதற்குக் கீழுள்ள சூடான பாறை, மஞ்சள் கரு நடுவிலிருக்கும் இரும்பு என்று தங்கை சொல்லிக் கொடுத்தாள். அதே பாடத்தை நான் சொன்னபோது கொட்டாவி விட்ட மகள், இப்போது கண் கொட்டாமல் கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

தங்கையை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மகள் கேட்டாள். "உள்ள அத்தன சூடுன்னா நம்ம காலு ஏம்மா சுடல?"

ஆசையாகச் சொன்னேன். "மேல இருக்கற பாறை ரொம்பத் தடிமன் கண்ணு. சூட்ட லேசுல மேல உடாது."

"எதுக்கும் சித்திகிட்டக் கேட்டுக்கலாம்மா."

போனில் தங்கையும் அதையேதான் சொன்னாள்.

"சித்திக்கு எல்லாமே தெரியுதும்மா" என்றாள் மகள்.