மைக்செட்காரர் மகள் மேடையேறிய நாள்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. கல்யாணமோ கூட்டமோ, எந்த மண்டபமானாலும் ஜனம் வருவதற்கு முன்னால் மேடையேறி, மைக்கைத் தட்டி, "ஹலோ... ஹலோ..." என்கிறவர் அவர்தான். அதனால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ஹலோ அண்ணன். கோபம் தலைக்கேறினால் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள், அண்ணனை மட்டும் விட்டுவிட்டு.

மேடையில் நிற்கிறவர்கள், சபையைத் தாங்கள்தான் கட்டிப்போடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அட போங்கய்யா! பக்கவாட்டில் ஒரு ஸ்டூலில், ஆம்ப்ளிஃபயர் திருகில் விரல் வைத்தபடி உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் கைவிட்டால் அவர்கள் கதை கந்தல்தான். பேசுகிறவர் இருமப் போகிறார் என்பது அவருக்குத் தோளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சத்தத்தை இறக்கிவிடுவார், இருமல் வெளியே கேட்காது. பேச்சு மறந்துபோய் ஒருவர் திருதிருவென்று விழித்து, "வந்து... வந்து..." என்று இழுத்தால் அதையும் விழுங்கிவிடுவார். ஆள் சுதாரித்துக்கொண்டதும் குரல் மறுபடி கணீரென்று வரும். "என் மைக்ல பேசி யாரும் மானம் போய் இறங்கினது கிடையாது" என்று மார்தட்டிக்கொள்வார். சும்மா சொல்லக் கூடாது, அது உண்மைதான்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். அவளுக்குத் திக்குவாய்.

வீட்டு முன்னறை முழுக்க ஸ்பீக்கர் பெட்டிகள். ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து, இன்னொன்றின்மேல் புத்தகத்தை விரித்துத்தான் அந்தப் பெண் படித்தாள். அம்மா தையல் மிஷினை மிதித்துக்கொண்டே பாடத்தில் கேள்வி கேட்பாள். மகள் பதில் சொல்லி முடிக்கும்வரை மிஷினை நிறுத்தி வைத்திருப்பாள். அப்பாவுக்கோ அந்தப் பொறுமை கிடையாது. விருந்தாளிகள் அவளிடம் எதைக் கேட்டாலும், அவள் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். பிள்ளை சிரமப்படக் கூடாதே என்கிற பாசம்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதை அவர் கவனித்ததில்லை.

தேர்வு முடிவு வந்தது. பள்ளியிலேயே அவள்தான் முதல். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். கேட்டவர்களிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார். முடிதிருத்துகிறவர், "அண்ணே, தலைய ஆட்டாதீங்க, காது போயிரும்" என்று கெஞ்சுகிற அளவுக்குச் சொன்னார்.

அப்புறம்தான் விழா ஞாபகம் வந்தது. அந்தப் பள்ளியில் தேர்வு முடிவுக்கு விழா எடுப்பார்கள். முதலாவதாக வந்த பிள்ளை, எல்லோர் சார்பாகவும் மேடையில் பேச வேண்டும். வருஷா வருஷம் அந்த விழாவுக்கு மைக்செட் போடுகிற மனுஷருக்கு இது தெரியாதா என்ன!

தலைமையாசிரியை நல்ல மாதிரி. அவரே போனில் கூப்பிட்டார். "பாப்பாவுக்குச் சங்கடமா இருந்தா எழுதிக் குடுக்கட்டும். ரெண்டாவதா வந்த பொண்ணு படிச்சிடட்டும். என்ன சொல்றீங்க?"

"அதுதாங்க டீச்சர் நல்லது" என்று அவர் முடிப்பதற்குள், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் போனைப் பிடுங்கினாள்.

"டீச்சர், நா... நா... நானே பேசறேன்."

போனை வைத்ததும் அவர் குதித்தார். "உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை? மார்க் வாங்கிட்டியே, போதாதா?"

தையல் மிஷின் நின்றது. "ஏங்க, படிச்சவ அவ. பேசப்போறவளும் அவ. நடுவுல உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் மனைவி.

"நாலு பேர் சிரிச்சா?"

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சப்புறம் இவ பேசுவா."

அதற்குமேல் அந்த வீட்டில் அவர் பேச்சு எடுபடவில்லை.

விழாவன்று பள்ளி மண்டபத்தில் நிற்க இடமில்லை. முதல் வரிசையில் சிறப்பு விருந்தினர், ஏதோ பெரிய அதிகாரி. இரண்டாவது வரிசையில் மனைவி, பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிய புடவையில். நம்மவர் ஸ்டூலில் உட்கார்ந்து வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். எத்தனையோ பேரை அந்த மேடையில் பார்த்தவர், அன்றைக்கு ஒரே ஒயரைத் திரும்பத் திரும்பப் பிடுங்கிச் செருகினார். கடவுளே, இந்தக் குழந்தை அழாமல் இறங்கினால் போதும் என்று வேண்டிக்கொண்டார்.

மகள் மைக் முன்னால் வந்து நின்றாள்.

"எல்லாருக்கும் வ... வ... வ..."

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாக இல்லை. விரல் தானாகத் திருகியது. ஸ்பீக்கர் செத்துப்போனது. மேடையில் பெண்ணின் வாய் அசைகிறது, மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. பின்வரிசைகள் சலசலத்தன.

அவள் பேச்சை நிறுத்தினாள். மைக்கைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அப்பாவின் கைவரிசை தெரியாதா? மைக்கை விட்டு ஓரடி தள்ளி வந்து, வெறும் தொண்டையில் கத்தினாள்.

"அப்பா! ச... ச... சத்தத்தக் கூட்டுங்க!"

மண்டபத்தில் தலைகளெல்லாம் ஸ்டூல் பக்கம் திரும்பின. இரண்டாவது வரிசையில் மனைவி எழுந்தே விட்டாள். "ஏய் ஹலோ! காது கேக்கல? கூட்டுங்க!"

கொல்லென்று சிரிப்பு. அவருக்கு முகம் சுண்டிப்போனது. ஊரார் மானத்தையெல்லாம் காத்தவர், தன் மானத்தைத் தானே கப்பலேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் கை திருகைக் கூட்டியது.

மகள் மறுபடி மைக்கிடம் போனாள். அந்த வணக்கம் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்து சேர்ந்ததும், "நான் பேசி முடிக்க நே... நேரமாகும், பொறுத்துக்குங்க" என்றாள். "பரீட்சையில நல்ல வேளை பே... பேனா திக்கல."

சிரித்தார்கள். ஆனால் அது வேறு சிரிப்பு. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

"எங்க அப்பா ஒவ்வொரு மேடையிலயும் ஹலோவ ரெ... ரெண்டு தடவ சொல்வாரு. நான் நாலு தடவ சொல்வேன். அவ்வளவுதான் வி... வித்தியாசம்."

மண்டபமே கைதட்டியது. அவருக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. அட, இவளுக்கு இவ்வளவு குறும்பு எங்கே இருந்தது? இத்தனை வருஷமாக முந்திக்கொண்டு பதில் சொல்லிச் சொல்லி, பெற்ற மகள் எப்படிப் பேசுவாள் என்பதே தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. கூடவே பெருமையாகவும் இருந்தது. தாங்க முடியாத பெருமை. என் பிள்ளை, என் பிள்ளை என்று உள்ளே அடித்துக்கொண்டது.

அவள் ஒவ்வொருவராக நன்றி சொல்ல ஆரம்பித்தாள். கணக்கு டீச்சர், நூலகர், பள்ளி வேன் ஓட்டுநர், பக்கத்தில் உட்கார்ந்து படித்த தோழி. சில பெயர்கள் சட்டென்று வந்தன. சில பெயர்கள் பாதியில் நின்று அடம்பிடித்தன. மண்டபம் காத்திருந்தது. ஒருவர்கூட எடுத்துக்கொடுக்கவில்லை.

முதல் வரிசையில் விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். விழாவை நடத்திக்கொண்டிருந்த விளையாட்டு வாத்தியார், முதுகை வளைத்துக்கொண்டு பூனை நடையாக ஸ்டூல் பக்கம் வந்தார்.

"அண்ணே, அவருக்கு வேற கூட்டம் இருக்காம். கொஞ்சம் சுருக்கச் சொல்லி பாப்பாவுக்குக் கையக் காட்டுங்களேன்."

ஹலோ அண்ணன் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"உக்காந்திருக்கச் சொல்லுங்க சார் அவர" என்றார். "எம் பொண்ணு பேசிட்டிருக்கா."