மதினி, சாப்பிட்டீகளா?

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய படிவம் கிடக்கிறது. அதில் 'கெட்ட கனவுகள் வருகின்றனவா?' என்ற கேள்விக்கு எதிரே, 'ஆம்' என்ற கட்டத்தில் நீல மையில் ஒரு டிக். போட்டது நான்தான். மனநல ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த புதுசு. படித்த திமிர் தலைக்கேறியிருந்த காலம்.

அந்தப் படிவத்துக்கு உரியவரை ஊரே மதினி என்றுதான் கூப்பிடும். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தவர். கூடவே வேலை பார்த்த அவருடைய நாத்தனார் நாள் முழுக்க 'மதினி, மதினி' என்று கூப்பிட, ஷெட்டில் இருந்த எல்லாருக்கும் அவர் மதினியாகிவிட்டார். வெடிவிபத்தில் அந்த நாத்தனார் போய்விட்டார். மதினிக்கு உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் அவருக்குப் பெரிய பாரம்.

முதல் நாள் வரும்போது அவர் மணிக்கட்டில் குறிசொல்லும் கோடாங்கி கட்டிய கறுப்புக் கயிறு. மடியில் ஒரு பாட்டில், பள்ளிவாசலில் ஓதி வாங்கிய தண்ணீர். எனக்கு உள்ளுக்குள் இளக்காரம். "பயமா இருக்கா?" என்று கேட்டால், "பயமெல்லாம் இல்லம்மா, நெஞ்சு அடைக்குது, ரத்தம் சுண்டிப்போச்சு" என்றார். குக்கர் விசில் அடித்தால் வாசலுக்கு ஓடிவிடுவாராம். தினமும் கனவில் நாத்தனார் வருகிறாராம். சொல்லி முடிக்கவில்லை, நான் டிக் போட்டுவிட்டேன். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார்.

மூன்றாவது வாரம் மதினி வந்து மாத்திரை அட்டையை என் மேசைமேல் விட்டெறிந்தார். "ஏம்மா, நீங்கள்லாம் நல்லா இருப்பீகளா? அவளை வரவிடாம அடைச்சுட்டீகளே! நான் அவளுக்கு இன்னும் பதில் சொல்லலையே!"

அன்றைக்குத்தான் முழுக்கதையையும் கேட்டேன். விபத்து நடந்த காலையில் தெருக் குழாயில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்று இருவருக்கும் சண்டை. எப்போதும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். அன்று மத்தியானம் மதினி கோபத்தில் தன் தூக்குச்சட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். இரண்டு வாய்கூடச் சாப்பிட்டிருக்கமாட்டார், ஷெட்டு வெடித்தது. கனவில் நாத்தனார் வாசலில் நின்று, "மதினி, சாப்பிட்டீகளா?" என்று கேட்கிறாராம். இவருக்கு நாக்கு எழும்பவில்லை. அன்றிலிருந்து மத்தியானச் சோறும் இறங்கவில்லை. இதையா நான் கெட்ட கனவு என்று எழுதினேன்! வெட்கமாக இருந்தது.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷர், படிவத்தைத் தள்ளிவைத்துவிட்டு மதினியோடு வெகுநேரம் பேசினார். மாத்திரையை மாற்றி, மெல்லக் குறைத்தார். "அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு தோணுதாம்மா?" என்று நான் கேட்டதற்கு மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். "வீட்டுக்குள்ள யாரு தாயி மன்னிப்புக் கேப்பாக? ஒரு வாய் போட்டுக் குடுக்கணும். தனியா உக்கார எனக்கு ஏலல. நீங்க வாறீகளா?"

அமாவாசையன்று அவர் வீட்டுக்குப் போனேன். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம். மூன்று இலை. நாத்தனார் இலையில்தான் முதலில் சோறு விழுந்தது. "சாப்பிடு தாயி. ஒன்ன விட்டுட்டுப் போனது தப்புத்தான்" என்று இலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு மதினி கதறி அழுதார். அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்திவிட்டு, அந்த வேப்பமரத்தடிக்குப் பிறகு முதன்முதலாக மத்தியானச் சோறு சாப்பிட்டார். நான் படித்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட அங்கே தேவைப்படவில்லை. மறுசோறு வாங்கிச் சாப்பிட்டதுதான் நான் செய்த ஒரே சிகிச்சை.

அடுத்த தடவை வந்தபோது மதினியின் முகமே மாறியிருந்தது. "வந்தாம்மா. கேட்டா. சாப்பிட்டேன், நீயும் உக்காருன்னுட்டேன். அங்கனயே சம்மணம் போட்டு உக்காந்துட்டா!"

குக்கர் விசிலுக்கு மதினி இன்றும் திடுக்கிட்டு எழுந்துவிடுவார். ஆனால் வாசலுக்கு ஓடுவதில்லை. நானும் இப்போது யாரிடமும் கெட்ட கனவு வருகிறதா என்று கேட்பதில்லை. யார் வருகிறார்கள், வந்து என்ன சொல்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன். அந்தப் பழைய டிக்கை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், என் திமிருக்கு ஒரு குட்டாக இருக்கட்டும் என்று.

போன வாரம் மதினி போன் பண்ணினார். ஒரே சிரிப்பு. "நேத்து வந்தாம்மா. இந்தத் தடவ ஒங்களையில்ல கேக்கா! அந்தப் படிச்ச பிள்ள சாப்பிட்டுச்சான்னு."

நான் பார்த்தேயிராத ஒருத்தி. இழுப்பறை திறந்துதான் இருந்தது. அந்தப் படிவத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "சாப்பிட்டேன்னு சொல்லுங்க மதினி."