பெடல் மிதித்த அம்மா

இன்று வாசலில் என் காரின் பிரேக்கைப் பிரித்தேன். ஆயில் வாசனை எழுந்ததும், அப்பாவோடு ஒரு மாதமாகப் பேசாத அம்மாவைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போக மாமா கார் கொண்டுவந்த அந்தக் காலை எதிரே வந்து நின்றது.

வண்டிகள் ஏறி மணி உதிரட்டுமென்று வழியில் ரோட்டில் பரப்பியிருந்த உளுந்துச்செடி மாமாவின் கார்ச் சக்கரத்தில் சுற்றி, பிரேக் குழாயைத் தளர்த்தியிருந்தது. பெடல் பஞ்சாக அமுங்கியது.

“இதுல அவள அனுப்ப மாட்டேன்” என்று அப்பா காருக்கடியில் புகுந்து குழாயை இறுக்கினார். உள்ளே ஏறிய காற்றை எடுக்க, பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டும். அம்மாவே ஏறி உட்கார்ந்தாள்.

“மிதி. இன்னும் அழுத்தி.”

“இதுக்கு மேல மிதிச்சா உங்க தலைமேலதான் மிதிக்கணும்.”

“அது பழகுனதுதான். மிதி.”

மாமா திரும்பி நின்று சிரித்தார். காற்று போய்ப் பெடல் கெட்டிப்பட்டது. அம்மா பெட்டியோடு பின் சீட்டுக்கு மாறினாள். அப்பா எண்ணெய்க் கையைத் துடைத்தபடி ஜன்னலருகே குனிந்தார்.

“பிரேக்கு நல்லா பிடிக்குது. பாத்துப் போ.”

“கூப்பிட யாரையும் அனுப்பாதீங்க. நீங்களே வாங்க.”