கலியமூர்த்தி அண்ணன் மாட்டிய விளக்குகள்

வெள்ளிக்கிழமை மதியம் ரூமில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். விருத்தாசலத்திலிருந்து போன். கலியமூர்த்தி அண்ணனின் மனைவி செல்வி பேசினார். "அண்ணே, அவரு காலையில போயிட்டாருண்ணே. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போற வழியிலேயே முடிஞ்சிபோச்சு. அங்க இருக்கிறவங்களுக்கு நீங்கதான் சொல்லணும்." அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தேன். பர்கா தோட்டத்தில் அவரோடு வேலை பார்த்த நீங்களெல்லாம் இன்று ஓமான் முழுக்கச் சிதறிக் கிடக்கிறீர்கள். எல்லோரிடமும் போனில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் அங்கே தண்ணீர் பம்ப் பார்த்தேன். அவர் டிராக்டர் ஓட்டினார். மாட்டுத்தீவனப் புல் ஏக்கர் கணக்கில் வளரும் தோட்டம் அது. பகலில் வெயில் ஆளைக் கொன்றுவிடும் என்பதால் கோடை வந்ததும் புல் அறுப்பை இரவுக்கு மாற்றிவிட்டார்கள். டிராக்டரில் முன்பக்கம் மங்கலாக இரண்டு விளக்குகள் மட்டுமே. அறுக்கும் மெஷினோ பின்னால், வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அண்ணன் கழுத்தைத் திருப்பித் திருப்பி, தெரியாத ஒன்றைப் பார்த்தபடியே ஓட்டுவார். பயமாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்வார். "இருட்டுல மெஷின் ஓட்டுறவன் வீரன் இல்ல சேகரு, வேற வழியில்லாதவன்" என்பார்.

ஒருநாள் இரவு மெஷினில் புல் அடைத்துக்கொண்டது. வண்டியை நிறுத்தினார். வங்காளதேசத்து ரஹ்மத் குனிந்து அதை இழுத்து எடுத்தான். அவன் விலகிவிட்டான் என்று நினைத்து அண்ணன் மெஷினை ஓடவிட்டார். அவன் விலகியிருக்கவில்லை. "பாயி! பாயி!" என்று அலறல் கேட்டது. கால் தப்பியது. செருப்பு துண்டுதுண்டாகப் பறந்தது. அண்ணன் இறங்கி வந்து ரஹ்மத்தின் இரண்டு கால்களையும் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வண்டியில் ஏறவில்லை. "லைட் மாஃபி, காம் மாஃபி" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார். விளக்கு இல்லையென்றால் வேலையும் இல்லை. விசாவை கேன்சல் அடித்து ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று மேனேஜர் கத்தினார். அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "அனுப்புங்க சார். பொணத்து மேல வண்டி ஓட்டிட்டுப் போறதுக்கு இப்படியே போறேன்." நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் ஊரில் குடும்பம் இருந்தது, அவருக்கும் இருந்தது.

விஷயம் முதலாளி காதுக்குப் போய், அர்பாப் என்று நாங்கள் கூப்பிடும் அவரே நேரில் வந்துவிட்டார். வயதானவர், அதிகம் பேசாதவர். அண்ணன் அவரோடு வாதாடவில்லை. மக்ரிப் தொழுகை முடிந்து நன்றாக இருட்டியதும் அவரை டிராக்டர் இருக்கையில் உட்காரவைத்தார். இன்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். தனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் கேட்டார்: "அர்பாப், நான் எங்கே நிற்கிறேன்?" அர்பாப் திரும்பிப் பார்த்து, தூரத்தில் மரத்துப் பக்கம் கையைக் காட்டினார். "இங்கே இருக்கிறேன்" என்று குரல் கொடுத்தார் அண்ணன். மெஷினின் கத்தியை ஒட்டி, கையை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றிருந்தார். அர்பாப் இறங்கி வந்து அவர் தோளில் கைவைத்து, "கலாஸ், போதும். லைட் வாங்கு" என்றார்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை லீவில் நானும் அவரும் மஸ்கட் ரூவிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து வாதி கபீர் ஸ்பேர்பார்ட்ஸ் கடைகளில் அலைந்து விளக்குகள் வாங்கினோம். முதல்முறை மாட்டியது தப்பாகப் போனது. பழைய ஸ்விட்சிலேயே எல்லாவற்றையும் இணைத்ததில் ஒயர் சூடேறி, பிளாஸ்டிக் கருகி, இருந்த வெளிச்சமும் போயிற்று. மேனேஜர் சிரித்தார். அண்ணன் நேரே பர்காவிலிருந்த பாகிஸ்தானி எலெக்ட்ரீஷியனிடம் போய் நின்றார். "தெரியலன்னு கேக்குறதுல என்ன வெக்கம்? கரென்டுக்கு நம்ம கௌரவம் தெரியுமா?" பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த ஒயர், தனி ஃபியூஸ், தனி ரிலே என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டுவந்து புதிதாக மாட்டினார். பின்பக்கம் மேலே இரண்டு விளக்குகள், மெஷினைப் பார்த்துக் குனிந்தபடி. மூன்றாவதை வலப்பக்கம், இன்னும் அறுக்காத புல்லைப் பார்த்து வைத்தார். அது எதற்கு என்று நான்தான் கேட்டேன். "அறுத்த பக்கம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? அறுக்கப்போற பக்கம்ல தெரியணும்."

அந்தக் கோடை முடிவதற்குள் ஓர் இரவு, வால்வை மூடுவதற்காகப் புல்லுக்குள் நடந்தவன் மயங்கி விழுந்தேன். நாள் முழுக்க வெயிலில் பம்போடு மல்லுக்கட்டியிருந்தேன், சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. புல் இடுப்பளவு உயரம். நான் கிடந்தது யாருக்கும் தெரியாது. அண்ணன் அந்த வரிசையைத்தான் அறுத்துக்கொண்டு வந்தார். வலப்பக்க விளக்கில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்ததாம். உரச்சாக்கு என்றுதான் முதலில் நினைத்தாராம். சாக்காகவே இருந்தாலும் கத்தியில் சிக்கும் என்று நிறுத்தி இறங்கியிருக்கிறார். அது என் பனியன்.

கண் விழித்தபோது என் தலை அவர் மடியில் இருந்தது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். "யோவ், படுக்குறதுக்கு ரூம்ல எடமில்லயா ஒனக்கு?" என்று திட்டினார். நான் சிரிக்க முயன்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்குவதை மட்டும் பார்த்தேன்.

அதன்பிறகு எனக்குக் கல்யாணம் நடந்தது, மகள் பிறந்தாள். அவர் வேலையை விட்டு ஊரோடு போய்விட்ட பிறகு, லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டுக்கும் போவேன். மகளிடம் என்னைக் காட்டி, "ஒங்கப்பன் தூங்குமூஞ்சி" என்பார். அதற்குமேல் அந்த இரவைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தால், "சாப்புட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். விளக்குகள் வந்த பிறகும் அவர் வெளிச்சத்தை மட்டும் நம்பியதில்லை. மெஷினை ஓடவிடுமுன் அங்கே வேலையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் வரும்வரை கை அசையாது. இப்போது நான் சோஹாரில் வேறொரு தோட்டத்தில் இருக்கிறேன். பம்பைப் போடுமுன் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். புதிதாக வந்தவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் பதில் சொல்கிறார்கள். எனக்கு அது போதும்.