மழையில் நனையாத படகு

ஒரு படகை வாங்கி வீட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டால் மனைவி என்னை விட்டுப் போகமாட்டாள் என்று நம்பினேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம், நான் காத்திருக்கிறேன். அதுவும் சாதாரணப் படகு இல்லை, பாய்மரப் படகு. நாங்கள் இருப்பது சிவகாசி. இங்கே குளிக்கிற தண்ணீருக்கே லாரி வர வேண்டும்.

நான் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். மருந்து கலக்கிற அறையில் ஆள் கூடிவிட்டதா, எவன் செருப்போடு நடக்கிறான், எவன் இரும்புச் சாமானை உள்ளே கொண்டுவருகிறான் என்று பார்த்துக் கத்துவது என் வேலை. அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், தீக்காய வார்டில். பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். "தீப்பட்ட ஆள அண்ணாச்சி அனுப்பி வைப்பாக, அக்கா வார்டுல வாங்கி வைப்பாக" என்று எங்களைப் பற்றித் தெருவில் ஒரு கேலி உண்டு. அதை முதலில் சொல்லிச் சிரித்தவன் நான்தான்.

அந்தக் கோடையில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் வெடித்தது. எங்கள் கம்பெனியில் என்றுதான் முதலில் செய்தி பரவியது. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் என் போன் வாசலில் உள்ள பெட்டியில் கிடந்தது. அவள் எத்தனை தடவை அடித்தும் பெட்டிதான் அதிர்ந்திருக்கிறது. வார்டுக்கு வந்தவர்களின் முகத்தை வைத்து ஆளை அடையாளம் சொல்ல முடியவில்லை. எனக்கு இடதுகைச் சுண்டுவிரல் பிறவியிலேயே வளைந்திருக்கும். அவள் ஒவ்வொருவருடைய இடதுகையையும் தூக்கிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள்.

சாயங்காலம் நான் முழுசாக வீட்டுக்குள் நுழைந்தேன். "என்ன, இன்சூரன்ஸ் பணம் போச்சேன்னு இருக்கா?" என்று கேட்டேன். பயந்துபோனால் நான் இப்படித்தான் ஏதாவது பேசுவேன்.

அவள் சிரிக்கவில்லை. "இங்க பாருங்க. தூத்துக்குடிக்கு மாறுதல் கேக்கப் போறேன். நீங்க இந்த வேலைய விட்டுட்டு வந்தா சேந்து போவோம். வரலைன்னா நான் மட்டும் போயிருவேன். இனிமே ஒவ்வொரு கையா தூக்கிப் பாக்க எனக்கு ஏலாது."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி சொல்ல முடியாது. மறுவாரமே சூலக்கரையில் இருக்கிற ஜில்லா ஆபீசுக்குப் போய் மாறுதலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டும் வந்தாள். சொன்னால் வெட்கம், அந்த வாரம் கம்பெனியில் நான் நின்ற நேரத்தைவிட கக்கூஸில் இருந்த நேரம் அதிகம். ஐம்பது வயதுக்கு மேல் தூத்துக்குடியில் போய் நான் என்ன செய்வேன்? உப்பளத்தில் எவன் செருப்போடு நடக்கிறான் என்று பார்ப்பதா? இங்கே நான் கத்தினால் நாற்பது பேர் அசையாமல் நிற்பார்கள். அங்கே நான் கத்தினால் காக்கா பறக்கும். இப்படிக் கலங்கிக் கலங்கி, அவள் சொன்னதில் எனக்கு வசதியான ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டேன். தூத்துக்குடி என்றால் கடல். ஆகா, பிறந்த ஊர்க் கடலுக்கு ஏங்குகிறாள்! கடலைக் கொண்டுவர முடியாது. கடலில் போகிற ஒன்றைக் கொண்டுவரலாமே.

தூத்துக்குடியில் பழைய கப்பல் சாமான் விற்கிற ஒரு கொட்டகையில் அதைப் பிடித்தேன். துறைமுகத்தில் வேலை பார்த்த யாரோ ஒரு பெரிய அதிகாரி பொழுதுபோக்குக்கு வைத்திருந்ததாம். தேக்குப் பலகைகளை ஒட்டி ஒட்டி அடித்த படகு, நாலு பேர் உட்காரலாம். பாய் கட்டுகிற கம்பம் முறிந்திருந்தது. பாயே இல்லை. "தண்ணியிலேயே கெடந்த படகு அண்ணாச்சி, அதான் பலகை இம்புட்டு நல்லாருக்கு" என்றார் கடைக்காரர். பாசி பிடித்து, ஈரம் சொட்டக் கிடந்ததைப் பார்த்து எனக்குப் பரிதாபமாக இருந்தது.

குட்டியானை வண்டியில் ஏற்றிவந்து இறக்கியபோது தெருவே கூடிவிட்டது. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற அச்சாபீஸ்காரன் ஒருவன், பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குச் சிநேகிதன், மூக்கில் விரலை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏலே, இதென்னலே?"

"படகு."

"அது தெரியுது. தண்ணி எங்கலே?"

"வெம்பக்கோட்டை அணையில."

"அங்கன எரும முங்கவே தண்ணி பத்தாம கெடக்கு. எரும எந்திரிச்ச பெறவு நீ எறங்குவியோ?"

அவள் பின்வாசலுக்கு வந்தாள். பலகையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"யாருக்கு இது?"

"ஒனக்குத்தான்."

"நான் ஒங்ககிட்ட படகா கேட்டேன்?"

உள்ளே போய்விட்டாள். கூட்டத்தில் கூச்சப்படுகிறாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஈரம்தான் எதிரி. சரவெடியோ மத்தாப்போ, மேடையில் பரப்பி வெயிலில் பதமாகக் காயவைப்போம். மேகம் லேசாகக் கறுத்தாலும் ஓடிப்போய் அள்ளி மூடுவோம். காய்ந்ததுதான் சரக்கு, நமுத்தது குப்பை. இத்தனை வருஷம் இதையே சொல்லிப் பிழைத்தவன் ஒரு படகை என்ன செய்வான்? காயப்போட்டேன். கொல்லையில் ஒரு மேடை கட்டி, கவிழ்த்துக் கொஞ்ச நாள், நிமிர்த்திக் கொஞ்ச நாள். அப்பளத்தைக்கூட யாரும் அத்தனை அக்கறையாகப் புரட்டியிருக்க மாட்டார்கள். எங்கள் ஊர் வெயிலும் குறை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசாரியை வரவழைத்தேன். அவர் பையிலிருந்து இரும்புச் சுத்தியலை எடுத்ததும் பழக்கத்தில் கத்திவிட்டேன்.

"கீழ வைங்க! செருப்பக் கழத்துங்க!"

"அண்ணாச்சி, இது மரம்."

"எதுவா இருந்தாலும் கழத்துங்க."

மரச் சுத்தியல் வாங்கிக்கொடுத்தேன். செம்பு ஆணி வாங்கிக்கொடுத்தேன். படகின் இரண்டு பக்கமும் சிவப்பு வாளியில் மணல் வைத்தேன். ஆசாரி வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படகு வெடிக்குமா அண்ணாச்சி?"

"சொல்ல முடியாது."

காயக் காயப் பலகைகளுக்கு நடுவே கீறல் விட்டது. முதலில் தீக்குச்சி நுழைந்தது, அப்புறம் விரல் நுழைந்தது. ஈரமெல்லாம் போய்விட்டது என்று பூரித்துப்போனேன். அந்த இடைவெளிகளில் கல்லைப்போல் இறுகுகிற பட்டியை வழித்து அடைத்து, தேய்த்து, நீல பெயிண்ட் அடித்தேன். சவுக்குமரத்தில் புதுக் கம்பம். விருதுநகரில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடையில் கொடுத்துப் பாய். கடைக்காரர் பழக்கதோஷத்தில் ஓரத்தில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிவிட்டார். அதை அவளிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "வேலைய விடுறதப் பத்தி யோசிச்சீகளா?" என்றாள். பெயிண்ட் காயட்டும் என்றேன்.

தீபாவளி சீசன் முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் நல்ல மழை. முதல் தூறல் விழுந்ததும் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் பாய்ந்து, தார்ப்பாயைப் போட்டுப் படகை மூடினேன். அவள் அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத நனைய விடுங்க."

"சளி பிடிச்சிக்கிடும்லா."

"தண்ணியில போற சாமானுக்குக் கொட புடிக்கிற ஆள இப்பத்தான் பாக்கேன்."

மாசக்கணக்கில் என்னிடம் கேலி பேசாதவள் பேசிவிட்டாள்! மழையில் நின்றபடியே தனியாகச் சிரித்தேன். அன்றைக்கு இரண்டு தட்டு அதிகமாகச் சாப்பிட்டேன்.

மரப்படகு நனைந்தே கிடக்க வேண்டும். பலகை தண்ணீர் குடித்து உப்பி, தானே ஒன்றோடொன்று நெருங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். காயப்போட்டால் சுருங்கும். சுருங்கிய இடத்தில் கல்லை வைத்து அடைத்துவிட்டால், மறுபடி உப்பும்போது போக இடமில்லாமல் பலகை தெறிக்கும். கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு ஒருத்தி சொல்லத்தான் செய்தாள், ஜன்னலில் நின்று.

தை மாதம் அணையில் தண்ணீர் நின்றது. அங்கே படகு விட யாரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை, அதுவரை யாரும் விட்டதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் இறக்கிக் கரையோரம் கட்டினோம். கொஞ்சம் ஒழுகியது. ஞாயிறு சர்ச் முடிந்து போய்ப் பார்த்தால் ஒழுக்கு நின்றிருந்தது. "பாத்தியாலே, என் பட்டிய!" என்று அச்சாபீஸ்காரன் முதுகில் தட்டினேன்.

அவள் கரையில் நின்றாள். "மாறுதல் வந்திருச்சி. வெள்ளிக்கிழமையே வந்திருச்சி. நீங்க இன்னும் ஒரு வார்த்த சொல்லல."

"மொதல்ல ஒரு சுத்து சுத்துவோம். ஏறு. பெறவு பேசுவோம்."

"நீங்க போயிட்டு வாங்க."

நானும் அவனும் ஏறினோம். எங்கள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. பாயை இழுத்துக் கட்டியதும் காற்று வந்து அறைந்தது. படகு சாய்ந்து, நிஜமாகவே ஓடியது. கரையை நோக்கிக் கையை ஆட்டினேன். அப்போது காலுக்கடியில் 'படார்' என்று ஒரு சத்தம்.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது, யோசிக்கக் கூடாது, கதவைப் பார்த்து வெளியே ஓட வேண்டும். நான்தான் எல்லாருக்கும் அதைக் கத்திக் கத்திப் பழக்கியவன். நான் ஓடினேன். ஓடுகிற படகை விட்டு வெளியே ஓடினேன்.

"ஏலே, எங்கலே போற?" என்று அவன் கத்தியது காதில் விழுந்தது. அதற்குள் தண்ணீருக்குள் இருந்தேன். செத்தேன் என்று முடிவுசெய்து, கையையும் காலையும் உதைத்து, அலறி, சேற்றைக் குடித்து, தெரிந்த எல்லா ஜெபத்தையும் அரைகுறையாகச் சொன்னேன். ஒரு கை வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியது. அவள்தான். சேலையோடு நடந்தே வந்திருந்தாள். தண்ணீர் அவளுடைய இடுப்புக்குத்தான் இருந்தது. கொஞ்சம் தள்ளி, உடைந்த பலகை வழியாகத் தண்ணீர் ஏறிய படகு தரைதட்டி நிற்க, அச்சாபீஸ்காரன் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீச்சல் பழகிக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

அவள் காலரை விடவில்லை. "ஒரு பலக ஒடஞ்ச சத்தத்துக்கு இம்புட்டு ஓட்டம் ஓடுறீக. அந்தக் கம்பெனிய விட்டு ஒரே ஒரு தடவ இப்பிடி ஓடி வாங்கன்னுதானே ஒங்கள நான் கேட்டேன்?"

எனக்கு எப்போதும் வாயில் ஏதாவது இருக்கும். அன்றைக்குச் சேறுதான் இருந்தது.

படகை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். கரையோரத்துக்காரர்கள் பலகையை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மாசி மாதம் அவள் தூத்துக்குடியில் வேலைக்குச் சேர்ந்தாள். சாமான்களை வண்டியில் ஏற்றிய அன்று கம்பெனியில் வடக்கே போகிற லோடு இருந்தது. நான் லீவு போடவில்லை. வேலையையும் விடவில்லை. அவள் திரும்பி வரவில்லை.