பேயாண்டிக்கு இஷ்யூ இல்லை

தல்லாகுளத்தில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கும் செல்லக்கிளி, அடிக்கிற மனுவைப் படிப்பதில்லை என்றுதான் வக்கீல்கள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். விரல் பாட்டுக்கு ஓடும். வாய் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரியோடு பேசிக்கொண்டிருக்கும். ஆனால் இருபத்திரண்டு வருடமாக அவர்கள் எழுதித் தந்ததை அடித்து அடித்தே ஆங்கிலம் கற்றவள் அவள். பத்தாவதை முடித்துவிட்டு அம்மாவோடு நாற்று நடப் போய்க்கொண்டிருந்தவளை, கல்யாணமான கையோடு டைப்பிங் வகுப்பில் சேர்த்துவிட்டவன் கணவன் சுடலை.

அந்த ஆங்கிலத்தில் ஒரு சொல்லை மட்டும் அவள் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். கல்யாணமாகி நாலாம் வருடம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளுடைய ஓ.பி. சீட்டில் ‘நோ இஷ்யூ’ என்று எழுதினார். நமக்கு ஒரு பிரச்சினையும் இல்லையாம் என்று சுடலையிடம் சொல்லி, அன்று சாயங்காலம் இருவரும் புரோட்டா வாங்கிச் சாப்பிட்டார்கள். மறுவாரம் ஒரு சொத்து வழக்கில் அதே சொல் வந்தது. வக்கீல் குமாஸ்தா உக்கிரபாண்டியிடம் கேட்டாள். தாலுகா ஆபீசில் சர்ட்டிபிகேட் கொடுத்தாலும் இஷ்யூ, வாராவாரம் வரும் பத்திரிகையும் இஷ்யூ, ஜட்ஜ் தீர்க்க வேண்டிய கேள்வியும் இஷ்யூ. ஆனால் சொத்து வழக்கில் இஷ்யூ என்றால் பெற்ற பிள்ளை என்றார் அவர். செல்லக்கிளி அன்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டாள்.

பிள்ளை பிறக்கவேயில்லை. சில வருடம் அழுதாள், அப்புறம் அது தானாக ஓய்ந்தது. கடை நன்றாக ஓடியது. ஆனையூரில் சின்னதாக ஒரு வீடு கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடலை மீன் குழம்பு வைப்பான். அவள் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்ப்பாள். குறை என்று சொல்ல இப்போது ஒன்றுமில்லை.

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, செக்கானூரணிப் பக்கத்திலிருந்து அழகுபாண்டி என்ற விவசாயி வக்கீல் கொடுத்த டிராப்டோடு வந்தார். கூடவே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அழகுபாண்டியும் அவருடைய அண்ணன் பேயாண்டியும் சேர்ந்து ஒரு வயல்பாதை வழக்குப் போட்டிருந்தார்கள். அண்ணன் இறந்துவிட்டதால், அவருடைய இடத்தில் இனி யார் என்று கோர்ட்டுக்குச் சொல்லும் மனு அது. மூன்றாவது பத்தியில் செல்லக்கிளியின் விரல் நின்றது. பேயாண்டி இஷ்யூ இல்லாமல் இறந்தார், தம்பி அழகுபாண்டி மட்டுமே வாரிசு என்று இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் அழகுபாண்டியைச் சித்தப்பா என்று கூப்பிட்டது அவள் காதில் விழுந்திருந்தது. அண்ணன் மகளை விட்டுவிட்டு வயலை வளைத்துப் போட்ட தம்பிமார்களை அவள் நிறையப் பார்த்தவள். எழுதியிருப்பதை அடித்துக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது என்பதுதான் அவள் இத்தனை காலம் வைத்திருந்த வழக்கம். ஆனால் அந்த ஆள் வடையைப் பிட்டுப் பெரிய பாதியை அந்தப் பெண்ணிடம் நீட்டிக்கொண்டிருந்தார். ஏமாற்றுகிறவர் முகமாக அது தெரியவில்லை.

“இது யாருண்ணே?” என்றாள்.

“எங்கண்ணன் மக, முனீஸ்வரி. மதினி முன்னாடியே போயிருச்சு. அவருக்கு இருக்கது இது ஒண்ணுதான்.”

“வக்கீல்கிட்ட அண்ணனப் பத்தி என்ன சொன்னீக?”

“அந்தச் சின்ன வக்கீலு, உங்கண்ணனுக்கு இஷ்யூ ஏதும் இருக்கான்னு கேட்டுச்சு. ஒரு இஷ்யூவும் இல்ல தம்பி, சீக்கு நோவுன்னு படுக்காம தூக்கத்துலயே போயிட்டாருன்னேன்.”

செல்லக்கிளி வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். “கோர்ட்டு இங்கிலீசுல இஷ்யூன்னா பிள்ளைண்ணே. உங்கண்ணனுக்குப் பிள்ளையே கிடையாது, எல்லாம் உங்களுக்குத்தான்னு எழுதியிருக்கு. இதுலதான் நீங்க கையெழுத்துப் போடப் போறீக.”

அழகுபாண்டி வடையைக் கீழே வைத்துவிட்டார். முனீஸ்வரியின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. “ஆத்தா, நான் அப்பிடிச் சொல்லுவனா?” என்று தரையைப் பார்த்தே கேட்டார்.

முனீஸ்வரி அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நர்ஸ் வேலைக்குக் கோயம்புத்தூர் போனவள். இரண்டு வருடம் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நின்று பேசி இருவரையும் சேர்த்து வைத்தவர் இந்தச் சித்தப்பாதான். அவள் திரையில் இருந்த அந்த வரியைத் தானே ஒருமுறை படித்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “எங்கப்பாவுக்கு இருந்த ஒரே இஷ்யூ நான்தான சித்தப்பா. என்னையே இல்லைன்னுட்டீகளே” என்றாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. அழகுபாண்டி துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செல்லக்கிளி போன் செய்ததும் ஜூனியர் வக்கீல் முகேஷ் ஓடி வந்தான். விஷயம் தெரிந்ததும் காது வரைக்கும் சிவந்து போனான். தாக்கல் செய்த பிறகு எதிர்த்தரப்பு கண்டுபிடித்திருந்தால் பொய்ச் சத்தியம் என்று அழகுபாண்டியை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள் என்பது அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அழகுபாண்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அங்கேயே நின்று பத்தியைத் திருத்தினான். செல்லக்கிளி அதை அடித்து, முனீஸ்வரியின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தாள்.

மனு பங்குனியில் ஏற்கப்பட்டது. முனீஸ்வரி அந்த வாரமே வேலைக்குத் திரும்பினாள். அவள் பங்கு நிலத்தையும் சித்தப்பாவே பார்த்துக்கொள்கிறார். முகேஷ் இப்போதெல்லாம் டிராப்டைக் கொடுக்கும்போது, “அக்கா, ஒருதடவ படிச்சுப் பாத்துட்டு அடிங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான். செல்லக்கிளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரியைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்கிறாள்.