அளவு நோட்டில் ஒரு வௌவால்

தொண்ணூற்றெட்டாம் வருடம், ஆடி மாதம். பெங்களூர் ஜோகுபாளையத்தில் வீட்டு முன்னறையையே கடையாக்கி பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். என் கைக்கு அடங்காத கிழிசலே கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. பட்டுப் புடவையில் எலி கடித்த ஓட்டையைக்கூட, உடுத்துகிறவருக்கே இடம் தெரியாதபடி சரிசெய்து கொடுத்துவிடுவேன். அந்தத் தலைக்கனத்தை இறக்கி வைத்தது ஒரு வௌவால்.

ஆடிக் காற்று வந்துவிட்டால் எங்கள் பக்கம் மாடிக்கு மாடி காற்றாடி பறக்கும். அறுந்த மாஞ்சா நூலெல்லாம் மரங்களில் சிக்கிக் கிடக்கும். ஒரு நாள் காலை கொல்லைக் கொய்யா மரத்தில் காக்கைகள் கூடிக் கத்தின. போய்ப் பார்த்தால், பழம் தின்ன வந்த பெரிய வௌவால் ஒன்று மாஞ்சா நூலில் மாட்டித் தொங்குகிறது. செம்பட்டை ரோமம், நாய்க்குட்டி மாதிரி முகம். ஒவ்வொரு காக்கையாக வந்து ஒரு கொத்து கொத்திவிட்டுப் போகிறது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. துடைப்பத்தால் காக்கைகளை விரட்டினேன். ஜமக்காளத்தைக் கொண்டுவந்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, அதை வௌவாலின் மேல் சுற்றிப் பிடிக்கச் சொன்னேன்.

"வௌவால் வீட்டுப் பக்கம் வந்தாலே ஆகாதும்பாங்க. நீ என்னடான்னா உபசாரம் பண்றே" என்று முணுமுணுத்தார்.

"அப்புறம் திட்டுங்க. இப்ப இறுக்காம பிடிங்க" என்றேன்.

ஸ்டூல் மேல் ஏறி, நூல் நறுக்கும் சின்னக் கத்தரியால் இழை இழையாக வெட்டினேன். தையல் பிரித்துப் பழகிய கை, தோலில் கத்தரி படவே இல்லை. தரையில் விட்டால் பறந்துவிடும் என்று நினைத்தேன். அது தவழ்ந்தது. இடது இறக்கையை விரித்தபோதுதான் தெரிந்தது, நடுவில் என் இரண்டு விரல் நுழைகிற அளவு ஓட்டை.

மூங்கில் கூடையில் போட்டு மூடி, ஆட்டோக்காரரிடம் கோழி என்று பொய் சொல்லி, அடிபட்ட பிராணிகளைப் பார்க்கும் ஓர் இடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த டாக்டர் கன்னடக்காரர். பார்த்துவிட்டு எலும்பு முறியவில்லை என்றார். நான் உடனே கைப்பையிலிருந்து மெல்லிய ஊசியும் பட்டு நூலும் எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"நீங்க மயக்க மருந்து குடுங்க சார். தெச்ச எடமே தெரியாம நான் தெச்சுடறேன்."

அவர் சிரிக்கவில்லை. "ஸ்டிச் பேடாம்மா. தெச்சா இழுத்து இன்னும் கிழியும். அது தானே வளர்ந்து மூடிக்கும். மூடலேன்னா பறக்காது, ஆயுசுக்கும் கூண்டுதான். நாம சுத்தமா வெச்சிக்கணும், பழம் குடுக்கணும், அஷ்டே, அவ்வளவுதான்."

அங்கே கூண்டில் இடமில்லை. அதனால் எங்கள் மாடியறையில் துணி மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, அது தலைகீழாகத் தொங்க ஒரு கொடிக்கயிறு கட்டச் சொன்னார். மருந்து போட அவரே வருவதாகவும் சொன்னார். கடித்தால் ஊசி போட்டாக வேண்டும், வெறும் கையால் தொடவே கூடாது என்று தடித்த தோல் கையுறை ஒன்று கொடுத்தார். கிளம்பும் முன், பழக்க தோஷம், டேப்பை எடுத்து ஓட்டையை அளந்து என் அளவு நோட்டில் எழுதிக்கொண்டேன். 'வௌவால். இடது இறக்கை. நீளம் இரண்டே முக்கால் இஞ்ச், அகலம் ஒன்றேகால்.'

பப்பாளி, வாழைப்பழம், சப்போட்டா என்று ராஜ உபசாரம் நடந்தது. சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை என் தலைமேலேயே துப்பும். இரண்டு வாரம் ஆயிற்று. கதவருகே நின்று பார்த்தால் ஓட்டை அப்படியே இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. டாக்டர் வரும்போதெல்லாம் "ஆகுது, ஆகுது" என்பார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. துணியைத் தொடாமலேயே எத்தனை பேரிடம் இதே "ஆகுது"வை நான் சொல்லியிருக்கிறேன்.

ஒரு மத்தியானம் வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்து, கையுறையும் ஜமக்காளமும் ஊசி நூலுமாக மாடியேறினேன். நாலே தையல், டாக்டருக்குத் தெரியவா போகிறது என்று எண்ணம். வௌவாலைச் சுற்றி எடுத்து மேஜையில் வைத்து, இறக்கையை மட்டும் மெதுவாக விரித்தேன். அது கத்தவில்லை, என்னையே பார்த்தது. ஊசியில் நூல் கோத்தாயிற்று. ஆனால் அளக்காமல் எதிலும் ஊசி வைத்த வழக்கம் எனக்குக் கிடையாது. டேப்பை எடுத்து நீளத்தை அளந்தேன்.

ஒன்றரை.

தப்பாக அளந்துவிட்டேனோ என்று மறுபடி அளந்தேன். ஒன்றரையேதான். நோட்டைப் புரட்டினால் இரண்டே முக்கால். கிட்டத்தில் குனிந்து பார்த்தேன். ஓட்டையைச் சுற்றி வெங்காயத்தோல் போல மெல்லிசாகப் புதுச் சவ்வு படர்ந்திருந்தது. அதற்குள் முடியளவு ரத்தக்குழாய்கள்கூட ஓடின. சரியாக அந்த இடத்தில்தான் நான் குத்தப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. ஊசியை நூல்கண்டிலேயே குத்திவிட்டு, வௌவாலைத் திரும்பக் கொடியில் தொங்கவிட்டுக் கீழே வந்தேன்.

அதன்பின் டாக்டர் வரும் நாட்களில் மட்டும் அளந்தோம். முணுமுணுத்த அதே மனுஷர் ஆபீஸிலிருந்து சப்போட்டாவோடு வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் "இன்னிக்கு எவ்ளோ?" என்று கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி கேட்பார். ஒன்று. அரை. கால். ஆறாவது வாரம் டேப்புக்கு வேலையே இல்லை. மூடிய அறைக்குள் அது சுவருக்குச் சுவர் பறந்து காட்டியதும், "இனி விட்டுடலாம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்காரர் கொய்யா மரத்தில் ஏறி, மிச்சமிருந்த மாஞ்சாவையெல்லாம் எடுத்துப் போட்டார். பொழுது சாயும் நேரத்தில் மாடியறைக் கதவைத் திறந்து வைத்தோம். வௌவால் கதவு நிலையின் மேல்சட்டத்தில் கொஞ்ச நேரம் தொங்கியது. பிறகு பிடியை விட்டுக் கீழே விழுந்தது. தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது இரண்டு இறக்கையும் விரிந்தன. கைப்பிடிச் சுவரைத் தாண்டி, கொய்யா மரத்தைத் தாண்டி, அல்சூர் ஏரிப் பக்கமாக ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. இடது இறக்கையில் வெளிறிய ஒட்டு ஒன்று அந்தி வெளிச்சத்தில் தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

கீழே வந்து அளவு நோட்டில் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்து, மற்ற உருப்படிகளுக்கு எழுதுவது போல 'டெலிவரி ஆயிற்று' என்று எழுதினேன். அதற்குப் பிறகு எத்தனையோ கிழிசல்களைத் தைத்துவிட்டேன், ஆனால் யாராவது என் கைவேலையைப் புகழ்ந்தால், என் கை படாமல் ஆறிய அந்த ஒன்றுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.